மவுண்டன் ஹவுஸ் நகரமானதால் சொத்து வரி இரட்டிப்பாகாது

"மவுண்டன் ஹவுஸ் தனி நகரம் ஆகிவிட்டது, இனி சொத்து வரி இரண்டு மடங்கு, பள்ளிகளும் நகராட்சி கைக்குப் போகும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நகரமானது மட்டும்தான் அதில் உண்மை.

கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் கவுண்டியில் இருக்கும் இந்த ஊர் 2024 மார்ச்சில் வாக்களித்து, ஜூலை 1 முதல் நகரமானது. அதற்கு முன்பு குடிநீர், பூங்கா போன்றவற்றை 'சமூக சேவை மாவட்டம்' என்ற உள்ளூர் அமைப்பு கவனித்து வந்தது. இப்போது அந்த வேலை நகராட்சியிடம்.

சரி, வரி? 1978இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவு என்ற சட்டப்படி அடிப்படைச் சொத்து வரி, மதிப்பீட்டில் 1 சதவீதம்தான். வீடு கைமாறாமலும் புதிதாகக் கட்டாமலும் இருந்தால் அந்த மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நகரமானதால் இது மாறாது. உங்கள் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்: 1 சதவீத வரிக்குக் கீழே தனித்தனி வரிகளாக இருக்கும் சாலை, பாதுகாப்பு, பூங்கா வரிகள் நகரமாவதற்கு முன்பே இருந்தவை. பலர் குழம்புவது இங்கேதான். வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் நகராட்சி புது வரி போட முடியாது.

பள்ளிகளை நடத்துவது லாமர்ஸ்வில் பள்ளி மாவட்டம். அது தனி அமைப்பு, தனி வாரியம்.

சந்தேகம் இருந்தால் கவுண்டி வரி அலுவலகத்தின் தளத்தில் உங்கள் ரசீதைப் பார்க்கலாம். வீடு வாங்க யோசிப்பவர்களை அந்த வாட்ஸ்அப் செய்தி வீணாகப் பயமுறுத்துகிறது. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.