கட்வைலைக் காதால் படிக்கப் போகிறீர்களா?

எல்லிஸ் பீட்டர்ஸின் கட்வைல் (Cadfael) நாவல்களை ஒலிநூலில் ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் நிறைய. மொத்தம் இருபது நாவல்கள், 1977 முதல் 1994 வரை வந்தவை. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி மடம். மன்னர் ஸ்டீபனும் மாட் பேரரசியும் அரியணைக்கு அடித்துக்கொண்ட காலம். துப்புத் துலக்குகிற கட்வைல் அந்த மடத்தில் மூலிகைத் தோட்டம் பார்க்கும் துறவி, சிலுவைப் போருக்குப் போய் வந்தவர். இவ்வளவு நல்ல வரிசையை யாரும் தவறவிடக் கூடாது என்பதால்தான் இந்தப் பதிவு.

வாங்குமுன் கால அளவைப் பாருங்கள். முழு நாவல் ஏழெட்டு மணி நேரம் ஓடும். மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால் அது சுருக்கம். தொலைக்காட்சியில் கட்வைலாக நடித்த டெரெக் ஜாகோபியின் குரல் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அவர் குரல் அருமைதான், ஆனால் வெட்டிய நாவலில் துப்பும் வெட்டுப்படும்.

மூன்றாவது நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதான துறவிகளின் மூட்டுவலிக்குத் தேய்க்கக் கட்வைல் ஓர் எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார். அதில் சேரும் வேர், நம் சித்த மருத்துவத்தில் நாபி என்கிறோமே, அந்த இனம். மேலே தேய்த்தால் மருந்து, வயிற்றுக்குள் போனால் நாக்கு மரத்து இதயம் நின்றுவிடும். யாரோ அதைச் சாப்பாட்டில் கலந்துவிடுகிறார்கள். எண்ணெய் யார் கைக்கெல்லாம் போனது, அதன் வாடை எப்படி, கறை எங்கே படியும் என்பதெல்லாம் சாதாரணப் பேச்சுக்கு நடுவே வந்துபோகும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் காதில் விழாது. முதல் இரண்டு அத்தியாயங்களை இயல்பு வேகத்திலேயே கேளுங்கள்.

கதைக்குள் நேரக் கணக்கும் முக்கியம். மடத்தில் கடிகாரம் கிடையாது, வழிபாட்டு வேளைதான். பிரைம் விடியலில், வெஸ்பர்ஸ் பொழுது சாயும்போது, கம்ப்ளின் படுக்கப் போகுமுன். டிசம்பரில் ஷ்ரூஸ்பரியில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். "வெஸ்பர்ஸுக்கு முன் அவனைப் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி சொன்னால் அது குளிர்காலமா கோடையா என்று யோசியுங்கள்.

பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். வெல்ஷ் மொழியில் ஒற்றை எஃப் 'வ' என்றே ஒலிக்கும், அதனால் கட்வைல். சில வாசிப்பாளர்கள் 'ஃப' என்பார்கள், ஆள் ஒன்றுதான். 'அப்' என்றால் மகன். கட்வைல் அப் மெய்லிர் அப் டாவித் என்பது நாம் அப்பா, தாத்தா பெயரை இனிஷியலாகப் போடுவது மாதிரி.

முதல் நாவலில் வேல்ஸ் கிராமத்துப் பெயர்கள் அதிகம். திணறினால் இரண்டாவதில் தொடங்கலாம். 1138இல் ஷ்ரூஸ்பரி கோட்டை வீழ்ந்ததும் 94 பேரைத் தூக்கிலிடுகிறார்கள், கட்வைல் எண்ணும்போது 95 பிணம். காதுக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடைக்காது. ஆனால் பத்தாவதைத் தொடுமுன் முதலாவதை முடித்துவிடுங்கள், அதில் புதைத்த ரகசியம் பத்தாவதில் திரும்ப வரும். ஆறு, பத்து, இருபது மூன்றும் ஒரே சரடு. இருபதாவதை முதலில் கேட்டால் அதில் கட்வைல் படும் தவிப்பு உங்களுக்குப் புரியாது.

படுக்கையில் கேட்பவர்கள் ஸ்லீப் டைமரை நிமிடக் கணக்கில் வைக்காமல் அத்தியாய முடிவுக்கு வையுங்கள். பக்கத்தில் ஒரு காகிதத்தில் சின்ன வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்: செவர்ன் ஆறு ஊரை வளைத்து ஓடுகிறது, கிழக்குப் பாலத்தைத் தாண்டினால் மடம், மேற்குப் பாலத்தைத் தாண்டினால் வேல்ஸுக்குப் போகும் வழி.