350 பாட் அறையில் பல்லி இருக்கத்தான் செய்யும்

போன வாரம் ஒரு பயணக் குழுவில் ஒருவர் புலம்பியிருந்தார். தாய்லாந்தின் அயுத்தயாவில் 400 பாட்டுக்கு (பாட் அந்த நாட்டுப் பணம்) ரூம் எடுத்தாராம். லிஃப்ட் இல்லை, சுவரில் பல்லி, பாத்ரூம் ரூமுக்கு வெளியே, காலைச் சாப்பாடு என்று எதுவும் தரவில்லை. கொடுத்தது ஒரு நட்சத்திரம். கீழே வரிசையாக நன்றிகள். "நல்லவேளை சொன்னீங்க சார், நாங்க பாங்காக்லயே தங்கிட்டு பகல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்."

சாருக்கு என் அனுதாபம். ஆனால் அந்த நன்றி சொன்னவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அயுத்தயாவைப் பகலில் ஒரு ரவுண்டு பார்ப்பது, கல்யாணத்துக்குக் கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு போய் நிற்பது மாதிரி.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாவோ பிரயா, பா சக், லோப்புரி என்று மூன்று ஆறுகள் சுற்றி வளைத்த தீவு. 1350 வாக்கில் தொடங்கி 1767இல் பர்மியப் படை கொளுத்திவிட்டுப் போகும்வரை சயாமின், அதாவது பழைய தாய்லாந்தின், தலைநகர். பெயர் நம் அயோத்திதான். எரிந்தது போக மிஞ்சிய செங்கல்லிலும் நிறையப் பெயர்த்தெடுத்துப் படகில் ஏற்றி, புதிய தலைநகர் பாங்காக்குக்கு மதில் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று நாம் பார்ப்பது நெருப்பும் கொத்தனாரும் விட்டுவைத்த மிச்சம். 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

நானும் மனைவியும் 2023 பிப்ரவரியில் போனோம். பாங்காக்கின் பழைய ஹுவா லம்போங் ரயில் நிலையத்திலிருந்து மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு 20 பாட். ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும், தலைக்கு மேல் ஃபேன், கூடையில் பொரித்த கோழியும் ஒட்டுச்சோறும் விற்றுக்கொண்டே போவார்கள். ஸ்டேஷன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம். ஸ்டேஷன் வாசலிலிருந்து நேராக நடந்தால் படகுத்துறை. பத்து பாட் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் தீவில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாவோ ப்ரோம் சந்தையைத் தாண்டினால் நரேசுவன் சாலை. பர்மாவோடு போரிட்ட அரசரின் பெயர். நம் நரேஸ்வரன்தான் அங்கே நரேசுவன் ஆகியிருக்கிறார். அதன் இரண்டாவது சந்து முழுக்க கெஸ்ட் ஹவுஸ்கள்தான்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு செய்திருந்த முதல் இடத்தில் எங்களுக்கு அடிதான் விழுந்தது. படத்தில் பளபளவென்று இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்ததும் மூட்டைப்பூச்சி வேலையை ஆரம்பித்துவிட்டது. விளக்கைப் போட்டு மெத்தையின் ஓரத்தைத் தூக்கினால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறது. கீழே இருந்த பையன் "மை பென் ராய்" என்றான். பரவாயில்லை, போகட்டும் என்று அர்த்தம். கடிபட்டவர்கள்தானே அதைச் சொல்ல வேண்டும்? இரண்டாவது இரவுக்கான பணம் திரும்பி வரவில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு நட்சத்திரம் என்று ஒன்று இருப்பது இந்த மாதிரி இடத்துக்குத்தான். பூச்சி உள்ள மெத்தை, பூட்ட முடியாத கதவு, எடுத்த முன்பணத்தைத் தராமல் ஏமாற்றுவது. இவை குற்றங்கள். பல்லி குற்றமில்லை. என் மனைவி சொன்னதுபோல, "நம்ம வீட்லயும்தான் ட்யூப்லைட்டுக்குப் பின்னாடி நாலு இருக்கு, அதுக்கு யாரு ஸ்டார் குடுக்கறா?"

மறுநாள் காலை அதே சந்தில் நடந்தே தேடினோம். தேக்கு மர வீடு ஒன்று, முன்னால் மாமரம், வாசலில் செருப்புகள். ஃபேன் ரூம் 350 பாட், அன்றைய கணக்குக்கு எண்ணூறு ரூபாய் சொச்சம். பாத்ரூம் மாடிக் கோடியில், மூன்று ரூம்களுக்குப் பொது. ஏசி வேண்டுமென்றால் 600. நாங்கள் ஃபேனுக்கே தலையாட்டினோம். நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அங்கே நம்மைவிட மூத்தவர்களை உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அக்காவை அவர்கள் மொழியில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "பீ". தமிழன் வாயிலிருந்து அது எப்படி வரும்? நல்லவேளையாக "பா" என்றால் பெரியம்மா என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பெரியம்மாவாக்கியதில் அவருக்கு வருத்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பா முதலில் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்தார். நம் ஆட்கள் சிலர் இதற்கே முறைப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அது அங்கே சட்டம். நம் நாட்டிலும் இதே கதைதான். அந்த எழுத்து வேலைக்குப் பயந்தே நம் ஊரில் பல சின்ன லாட்ஜ்கள் வெளிநாட்டவரைப் பார்த்ததும் கையை விரித்துவிடுகின்றன. இந்த அம்மா சாவி, தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாம் எடுத்துக் கொடுப்பதற்கு நடுவே அதையும் முடித்துவிட்டார்.

ரூமைப் பற்றி என்ன சொல்ல? ஒரு கட்டில், கொசுவலை, சுழன்று சுழன்று காற்றடிக்கும் ஸ்டாண்ட் ஃபேன், துணி மாட்ட நாலு ஆணி. மரத்தரை. பக்கத்து ரூம்காரர் நடு ராத்திரியில் எழுந்தால் நமக்கும் தெரியும். செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். கக்கூஸில் தண்ணீர் பீய்ச்சும் குழாய் உண்டு, ஐரோப்பாவில் காகிதத்தோடு போராடி வந்தவர்களுக்கு இது ஒன்றே ஐந்து நட்சத்திரம். கீழே பொதுவாக ஒரு திண்ணை மாதிரி இடம், நாலு மர நாற்காலி, இலவச வெந்நீர், காபித்தூள். படிக்கட்டுச் சுவரில் என் மார்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. 2011 வெள்ளம் நின்ற உயரமாம். வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடச் சொல்வாராம் பா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். அயுத்தயாவில் ரூம் எடுப்பதே விடியற்காலைக்காகத்தான். பாங்காக்கிலிருந்து வருகிற சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் ஒன்பதரை, பத்து மணிக்கு முன்னால் வந்து சேர்வதில்லை. வந்து இறங்குகிற கூட்டம் உச்சி வெயிலில் செங்கல் தரையில் வெந்துகொண்டே நாலு கோயிலைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். சந்துக்குள் தங்கியிருப்பவனுக்கோ ஆறரை மணிக்குச் சைக்கிளை எடுத்தால் ஊரே அவனுடையது. வாடகை நாளைக்கு 50 பாட். சைக்கிளுக்கு ஈடாக பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். நகலும் கொஞ்சம் பணமும் கொடுத்தால் போதும் என்பார்கள், சொல்லிப் பாருங்கள். செயின் கழன்றால் நீங்களேதான் மாட்ட வேண்டும், எனக்கு இரண்டு முறை கழன்றது.

முதலில் நேராக வாட் லோகயாசுத்தாராம் போனோம். வாட் என்றால் கோயில். மதில் கிடையாது, டிக்கெட் கிடையாது. வெட்டவெளியில் சுமார் 40 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். அவருக்கு மேல் ஒரு காலத்தில் இருந்த மண்டபம் இப்போது வெறும் தூண் அடிகள்தான். அந்த நேரத்தில் தாமரை மொட்டு விற்கும் ஒரு பாட்டியும் இரண்டு நாய்களும் நாங்களும் மட்டும். வெயில் ஏறுகிற வரை உட்கார்ந்திருந்தோம். பாட்டி எங்களிடம் விற்கக்கூட முயற்சி செய்யவில்லை.

எட்டு மணிக்குத்தான் பெரிய கோயில்கள் திறக்கும். வாட் மகாதாத் வாசலில் நாங்கள்தான் முதல் ஆட்கள். மரத்தின் வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் அந்தப் புத்தர் தலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் முன் நின்று படம் எடுக்கக் கூடாது. புத்தரின் தலையைவிட நம் தலை உயரக் கூடாது, குந்தி உட்கார வேண்டும். பத்தரைக்குப் பிறகு அங்கே ஐம்பது பேர் குந்துவதற்கு வரிசையில் நிற்பார்கள், காவலாளி விசில் ஊதிக்கொண்டிருப்பார். காலை எட்டு மணிக்கு அவர் துடைப்பத்தோடு சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலை ஒன்றைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சுற்றிலும் சுவரோரமாகத் தலையில்லாத புத்தர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கூட்டம் இல்லாத நேரம் வேண்டும்.

எதிரே இருக்கிற வாட் ராட்சபூரண கதை இன்னும் விசேஷம். பட்டத்துக்குச் சண்டையிட்ட இரண்டு அண்ணன்கள் யானை மேல் மோதி இரண்டு பேருமே செத்துப்போக, அரியணை கிடைத்த தம்பி 1424இல் அவர்கள் எரியூட்டப்பட்ட இடத்தில் கட்டிய கோயில். 1957இல் திருடர்கள் கோபுரத்துக்கு அடியில் இருந்த நிலவறையைத் தோண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டதும் மிஞ்சியதுமான பொன்னெல்லாம் ஊரிலேயே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தைக் கட்டிய பணமும் அதே நிலவறையில் கிடைத்த சின்னச் சின்னப் புத்தர் வில்லைகளைப் பக்தர்களுக்குக் கொடுத்துத் திரட்டியதுதான். நிலவறைக்குள் இறங்கலாம். படி செங்குத்து, உள்ளே மூச்சு முட்டும், சுவரில் மங்கிய ஓவியம். நாங்கள் ஐந்து நிமிடம் தனியாக நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இறங்கியிருந்தால் நான் ஒரு நிமிடத்தில் ஓடி வந்திருப்பேன்.

பதினோரு மணிக்கு மேல் என்ன செய்வது? ரூமுக்குத் திரும்பி ஃபேனுக்குக் கீழே படுப்பதுதான். பகல்பயணக்காரர்களுக்கு இல்லாத சொகுசு இது. குளித்துவிட்டுத் தூங்கி, நாலு மணிக்கு எழுந்து, திண்ணையில் காபி குடித்து, ஆற்றைத் தாண்டி மேற்குக் கரையில் இருக்கும் வாட் சாய்வத்தனாராமுக்கு மறுபடி சைக்கிள். 2018இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் பிரபலமானதிலிருந்து தாய்லாந்துப் பெண்கள் அந்தக் காலப் பட்டுடையை வாடகைக்கு உடுத்திக்கொண்டு அங்கே படம் எடுக்க வருகிறார்கள். நம் ஆட்கள் ரீல்ஸ் எடுப்பதைத் திட்டுகிறவன் நான். ஆனால் இடிந்த செங்கல்லுக்கு முன்னால் சரிகை மின்ன அவர்கள் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. கொள்கை எல்லாம் எனக்குச் சொந்த ஊரில்தான் போலும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி. சைவம் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று போட்ட கடையைத் தேடுங்கள், மற்ற இடங்களில் கீரையிலும் மீன் சாறு இருக்கும். ஊரின் பெருமை ரோட்டி சாய் மாய். மெல்லிய ரோட்டிக்குள் நூல் நூலாகச் சர்க்கரையை வைத்துச் சுருட்டித் தின்பது. அங்கத்திய முஸ்லிம் குடும்பங்கள் போடும் கடைகள் பொது மருத்துவமனைக்கு எதிரே வரிசையாக இருக்கின்றன. பஞ்சுமிட்டாய்க்கும் சோன்பப்டிக்கும் நடுவில் ஒரு ருசி. மனைவி மூன்று பொட்டலம் வாங்கினாள், ஊர் வந்து சேர்ந்தது ஒன்று.

ராத்திரி ஒரு எச்சரிக்கை. தெருநாய்கள் கூட்டமாக இருக்கும், சைக்கிளைத் துரத்தும். எட்டு மணிக்கு மேல் நடந்தே போங்கள், அல்லது தவளை மூக்கு வைத்த அந்த ஊர் டுக் டுக்கில் பேரம் பேசிப் போங்கள். குளக்கரையில் ஏதோ பெரிதாக அசைந்தால் முதலை என்று அலறாதீர்கள். உடும்பு. நான் அலறினேன்.

சரி, 350 பாட்டில் லிஃப்ட் வேண்டும், இட்லி வேண்டும் என்பவர்களுக்கு என்ன சொல்வது? அந்த விலையில் என்னென்ன இல்லை என்பதைப் பா முதல் நாளே விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டார். ஏசி இல்லை, டிவி இல்லை, பாத்ரூம் வெளியே, பத்து மணிக்கு மேல் மெதுவாகப் பேசணும். இதைவிட நேர்மையான வியாபாரத்தை நான் நாலு நட்சத்திர ஓட்டல்களில்கூடப் பார்த்ததில்லை. அங்கேயெல்லாம் காலி செய்யும்போதுதான் ஒவ்வொன்றாகப் பில்லில் முளைக்கும். வயதான பெற்றோரோடு போகிறீர்கள், முழங்கால் வலி, ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்றால் தாராளமாக ஆயிரத்து ஐந்நூறு பாட் கொடுத்து ஆற்றோரம் நல்ல ஓட்டலாக எடுங்கள். தப்பே இல்லை. ஆனால் ஊரிலேயே எடுங்கள். பாங்காக்கில் தங்கிக்கொண்டு வந்து அயுத்தயாவில் ஒன்றுமே இல்லை, வெறும் செங்கல் என்று எழுதாதீர்கள்.

பெயர் கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள், சொல்ல மாட்டேன். எட்டு ரூம்தான் அங்கே இருக்கிறது. அதே சந்தில் போய் நடந்து பாருங்கள். ரூமைக் காட்டச் சொல்லுங்கள், ஃபேனைப் போட்டுப் பாருங்கள், தாழ்ப்பாளைத் தள்ளிப் பாருங்கள், மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். முந்தின ராத்திரி பட்ட அடியில் நாங்களும் நாலு மூலையையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தோம். பா கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் கையில் இருந்த தடிப்புகளைப் பார்த்துவிட்டு, சந்தின் அந்தக் கோடியைக் கண்ணால் காட்டி, "அங்கேயா?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.