பிரேக்கைப் பற்றியும் எழுதுங்கள்
மேங்ஸ் கிராண்ட் பிரீக்குப் பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளைத் தயார் செய்யும் சிறு குழுவைப் பற்றிய கட்டுரை அருமை. 1923-ல் அமெச்சூர்களுக்காகவே தொடங்கிய பந்தயம் அது; ஐல் ஆஃப் மேன் தீவின் பொதுச் சாலைகளில் ஒரு சுற்றே சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் முழுக்க என்ஜினைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். டிரம் பிரேக்? சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளையின் உட்புறத்தை லைனிங் என்ற உராய்வுப் பட்டை அழுத்தித்தான் வண்டி நிற்கிறது. சூடேறினால் டிரம் விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும், லீவரை எவ்வளவு இறுக்கினாலும் வேகம் சரியாகக் குறையாது. லைனிங் முழுப் பரப்பும் டிரம்மைத் தொட்டுப் பிடிக்க வேண்டும் என்றுதான் புது லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ஏற்பக் கடைகிறார்கள். அப்புறம், என்ஜின் ஆயிலை அடைத்திருக்கும் போல்ட்டில் துளையிட்டு, அது கழலாதபடி கம்பியால் பூட்டுவது. அது கழன்றால் ஆயில் சாலையில் கொட்டி, பின்னால் வருபவரும் வழுக்கி விழுவார். சம்பளமில்லாமல் இதைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அடுத்த பகுதியில் அந்தக் கைவேலையைப் படங்களோடு போடுங்கள்.