அந்தக் கம்பம் இந்த ஊருடையது இல்லை

நான் உறுப்பினராக இருக்கும் சேவைக் கழகத்தின் கொடியைப் புதுப்பிக்கப் போகிறோம். மற்றக் கழகங்களுக்குப் போகும்போது கைமாற்றிக்கொள்கிற அந்தச் சின்னக் கொடிதான். ரொறன்ரோவின் பூர்வகுடி மக்களைக் கௌரவிக்கும் ஓவியம் ஒன்று அதில் வர வேண்டும் என்று எல்லோருமே விரும்பினோம். போன கூட்டத்தில் மாதிரி வந்தது. நடுவில் ஒரு டோட்டம் கம்பம், அதாவது உருவங்கள் செதுக்கிய உயரமான மரக் கம்பம், உச்சியில் இறக்கை விரித்த பறவை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனதை உறுத்தியது. அந்தக் கம்பங்கள் பசிபிக் கரையோரத்து ஹைடா, நிஸ்கா போன்ற மக்களுடையவை. இங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தின் படிக்கட்டுகளுக்கு நடுவே நிற்கும் கம்பங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அவை இந்த ஊருடையவை என்று நினைத்தால் அது அவர்கள் பிழையல்ல. 'டோட்டம்' என்ற சொல் மட்டும் இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் மொழியில் குலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கம்பம் அவர்களுடையதல்ல. நம் பொங்கல் விழா அழைப்பிதழில் யாராவது கதகளி முகத்தை அச்சடித்து, உங்கள் பண்பாட்டைப் போற்றுகிறோம் என்று நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

அதோடு, கம்பம் வெறும் அலங்காரமல்ல. அதில் செதுக்கிய உருவங்கள் ஒரு குடும்பத்துக்கோ குலத்துக்கோ உரிமையானவை. விருந்து வைத்து, ஊரைக் கூட்டி, சாட்சிகள் முன்னால் அதை நாட்டுவார்கள். 'பொட்லாச்' என்கிற அந்த விருந்தையே கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. நிஸ்கா மக்களிடமிருந்து 1929இல் எடுத்துச் செல்லப்பட்ட கம்பம் ஒன்று ஸ்கொட்லாந்து அருங்காட்சியகத்திலிருந்து 2023இல்தான் வீடு திரும்பியது. இத்தனைக்கும் பிறகு அதை நாம் கேட்காமல் கொடியில் போடலாமா?

சேவைக் கழகங்களுக்கு இது புதிதும் இல்லை. 1915இல் டெற்றோயிற்றில் தொடங்கிய கிவானிஸ் என்ற சேவைக் கழகம் தன் பெயரையே அந்தப் பகுதிப் பூர்வகுடி மொழியின் ஒரு சொற்றொடரிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகள் தாய்மொழியில் பேசியதற்காக விடுதிப் பள்ளிகளில் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நாங்கள் கூட்டம் போடும் இந்த நிலம் 1805 ஒப்பந்தத்தில் மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து 10 ஷில்லிங்குக்கு வாங்கப்பட்டது. அந்த அநியாயம் தொடர்பான கோரிக்கைகளுக்கு 2010இல்தான் 14.5 கோடி டொலர் கொடுத்துத் தீர்வு கண்டார்கள். அந்த மக்கள் இன்றும் ஹமில்டனுக்குத் தெற்கே வாழ்கிறார்கள். காரில் ஒன்றரை மணி நேரம் போனால் நேரில் பார்த்துப் பேசலாம். அவர்களில் ஓர் ஓவியரிடம் போவோம், எதை வரையலாம், எதை வரையக் கூடாது என்று கேட்போம். உரிய கூலி கொடுப்போம். ஓவியரின் பெயரைக் கொடியிலேயே போடுவோம். நோர்வல் மொரிசோ என்ற பெரும் அனிஷினாபே ஓவியரின் பெயரில் போலி ஓவியங்கள் விற்ற வழக்கில் 2023இல் எட்டுப் பேர் கைதானார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் பிடிபட்டன. யார் வரைந்தது என்று கேட்காமல் வாங்குகிற நம்மைப் போன்றவர்களால்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து சொல்லப் போகிறேன். கைதட்டிய பிறகு எதிர்த்துப் பேசுவது கொஞ்சம் சங்கடம்தான். கொடி இந்த வருடம் வராவிட்டாலும் பரவாயில்லை, பழையதையே இன்னும் கொஞ்ச நாள் கொடுப்போம்.