நியூயார்க் பேரமும் நம்ம ஊர்ப் பஞ்சாயத்தும்

"ஐ.நா.வில் பெண்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் வெட்டிச் செலவு" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர் போட்டிருந்தார். கூடவே சிரிக்கிற பொம்மை வேறு. அங்கேயே பதில் சொன்னால் அடுத்த கல்யாணப் பந்தி வரைக்கும் சண்டை நீளும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐ.நா.வில் பெண்கள் நிலை ஆணையம் என்று ஒன்று உண்டு. அது மார்ச் மாதம் நியூயார்க்கில் கூடும். வழக்கமாக ஓட்டெடுப்பு இல்லாமல், எல்லா நாடுகளும் தலையாட்டும் ஓர் உரையைக் கொண்டுவரப் பார்ப்பார்கள். 2003-ல் பெண்கள் மீதான வன்முறையை எடுத்துக்கொண்டார்கள். உரையே இல்லாமல் கலைந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2013-ல் மறுபடியும் அதே விஷயம். அப்போது எகிப்தில் ஆட்சியில் இருந்த முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம் எதிர்ப்பு அறிக்கை விட்டது. அவர்களுடைய குறைகளில் ஒன்று, கணவன் மீது மனைவி பாலியல் வன்முறைப் புகார் கொடுக்கலாம் என்று ஆகிவிடுமே என்பது.

எகிப்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நம் கதையையும் பார்க்கலாம். அதே 2013 ஜனவரியில், டெல்லி கூட்டுப் பாலியல் வன்முறைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு, திருமண உறவுக்குள் நடக்கும் பாலியல் வன்முறைக்குச் சட்டத்தில் உள்ள விலக்கை எடுத்துவிடச் சொன்னது. புதுச் சட்டம் வந்தது, விலக்கு அப்படியே இருந்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது.

நியூயார்க்கில் அந்த 2013 மார்ச்சில் ஒருவழியாக உரை நிறைவேறியது. வழக்கம், மரபு, மதம் எதையும் காரணம் காட்டி அரசுகள் தங்கள் கடமையைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்பது அதில் உண்டு. இந்த ஒரு வரிக்காக ராத்திரி பகலாகச் சண்டை போட வேண்டுமா என்று கேட்பவர்கள் சேலத்துக்காரர்களாக இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் எந்த ஊரில் தொடங்கியது? இதே சேலத்தில். பெண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுவதை "எங்க பக்கம் வழக்கம்" என்று சொன்ன வீடுகள் இங்கே இருந்தன. வழக்கம் என்ற பேச்சுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று நமக்கு யாரும் நியூயார்க்கிலிருந்து வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-ல் ஏற்றது. ஏற்கும்போதே ஒரு முடிச்சும் போட்டது: எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும், அந்தச் சமூகம் தானாக முன்வந்து சம்மதிக்காமல் தலையிட மாட்டோம் என்று. சரி, சமூகத்தின் சம்மதத்தை யார் வந்து சொல்வார்கள்? நம்ம ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடி வாங்கியவள் உள்ளே சமையல்கட்டில் இருப்பாள். திண்ணையில் அவளுடைய அப்பா, மாமனார், ரெண்டு பெரிய மனுஷர்கள். "இனிமே கை வைக்க மாட்டான், நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்பதோடு டீ வந்துவிடும். நியூயார்க்கிலும் கடைசி நாட்களில் பேரம் மூடிய கதவுக்குள்தான். பெண்கள் அமைப்புகள் வராந்தாவில் நிற்கும்.

அப்படியானால் சித்தப்பா சொன்னது சரிதானா? இல்லை. 1992-ல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து வந்த விசாகா வழக்கில், 1997-ல் உச்ச நீதிமன்றம் வேலையிடப் பாலியல் தொல்லைக்கு நெறிமுறை வகுத்தது. அப்போது நம்மிடம் அதற்கென்று சட்டம் கிடையாது. நீதிமன்றம் கையில் எடுத்தது இந்த "வெட்டிச் செலவு" உடன்படிக்கையைத்தான். வேலையிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் அதிலிருந்து வந்தது. சித்தப்பா மகள் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். அவள் கம்பெனியில் இருக்கும் புகார்க் குழு வானத்திலிருந்து விழவில்லை.

ஆனால் சேலம் சிவதாபுரத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து கூலிக்குக் கொலுசு வேலை செய்யும் பெண்ணுக்கு? பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்ட கொலுசுக்காரம்மா யாரையும் நான் பார்த்ததில்லை.

2019-ல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 190-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதில் வேலையிடம் என்று சொல்லப்படுவதைப் படித்தபோது ஏற்காடு காப்பித் தோட்டம்தான் எனக்குக் கண்ணில் வந்தது. கூலி வாங்கும் இடம், சோறு தின்னும் இடம், கழிப்பிடம், முதலாளி கொடுத்த லைன் வீடு, வேலைக்குப் போய்வரும் வழி எல்லாம் கணக்கில் வருகிறது. வீட்டிலேயே வேலை நடந்தால் அந்த வீடும்தான். பாலியல் தொல்லை மட்டுமில்லை, அடி, மிரட்டல், கேவலப்படுத்துவது எல்லாமே அதன் கீழ் வரும். இந்தியா இன்னும் இதை ஏற்கவில்லை. நம்ம எம்.பி.க்களில் ஒருவராவது இதைக் கேட்டிருந்தால் சொல்லுங்கள், கைதட்டுகிறேன்.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது திண்டுக்கல் ஒப்பந்தம். 2021-ல் அங்கே ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒப்பந்தப்படி, தொல்லை நடக்கிறதா என்று தையல் லைனிலேயே கண்காணிப்பவர்கள் தொழிலாளிகள். ஆலை பேச்சு மீறினால் அதன் ஆர்டரில் கை வைக்க வேண்டிய பொறுப்பு வாங்குபவருக்கு. இந்தத் தடவை அடி வாங்கும் பக்கம் மேசையில் உட்கார்ந்திருந்தது. வாசகங்களிலேயே அந்த வித்தியாசம் தெரிகிறது.

கொலுசுக்கு வெளிநாட்டு பிராண்டு கிடையாது, நெருக்குவதற்கு. ஆனால் வெள்ளியைக் கொடுத்து வேலை வாங்குகிற ஆள் இருக்கிறாரே. செவ்வாய்ப்பேட்டையில் ஆர்டர் தரும் வியாபாரிகளை உட்காரவைத்து, எதிரே கொலுசுப் பெண்களையும் உட்காரவைத்து ஒரு தாள் எழுத முடியாதா? தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் என்றும் சொல்லுங்கள்.