பெத்தவங்களுக்கு அக்கறை இல்லன்னு சொல்லாதீங்க

போன வாரம் எங்க சின்னவன் படிக்கிற ஸ்கூலோட வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் ஒரு மெசேஜ் போட்டிருந்தாரு. 900 பிள்ளைங்களுக்கு மேல படிக்கிற ஸ்கூலு, பட்ஜெட் மீட்டிங்குக்கு வந்தது 31 பேரு, இந்தப் பெத்தவங்களுக்கு அக்கறையே கிடையாது, பிள்ளைய கேட்ல இறக்கி விட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க அப்படின்னு. கீழ வரிசையா கட்டைவிரல். அதுல நம்ம ஆளுங்கதான் நிறைய. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. குரூப்ல பதில் போட்டா சண்டையாதான் முடியும், அதான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுமையா படிங்க.

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்து 17 வருஷம் ஆச்சு. 2021 மார்ச்ல இந்த ஸ்கூலோட எஸ்ஜிபிக்கு, அதாவது பள்ளி நிர்வாகக் குழுவுக்கு, ஓட்டுல ஜெயிச்சு வந்து 2024 மார்ச் வரைக்கும் மூணு வருஷம் இருந்தேன். தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு சொல்றேன், அங்க கல்வி உரிமைச் சட்டத்துல பள்ளி மேலாண்மைக் குழுன்னு வச்சு அதுல முக்கால்வாசி பெத்தவங்க இருக்கணும்னு சொல்றாங்க இல்லையா, அது மாதிரிதான், ஆனா இங்க அதிகாரம் இன்னும் ஜாஸ்தி. 1996-ல வந்த பள்ளிகள் சட்டம் இருக்கே, அது பெத்தவங்க கையில நிஜமாவே சாவியக் குடுத்துச்சு. குழுவுல ஓட்டு உள்ள மத்த எல்லாரையும், டீச்சர், ஆபீஸ் ஆளுங்க, பிரின்சிபால், ஹைஸ்கூல்னா எட்டாங்கிளாஸோ அதுக்கு மேலயோ படிக்கிற பிள்ளைங்க, இவங்க எல்லாரையும் சேர்த்து எண்ணினாலும் பெத்தவங்க ஒருத்தராவது கூட இருக்கணும். தலைவர் பெத்தவங்கள்ல ஒருத்தராதான் இருக்க முடியும், அவரு அந்த ஸ்கூல்ல சம்பளம் வாங்குறவரா இருக்கக் கூடாது. ஃபீஸ் எவ்வளவு, பிள்ளைங்களுக்கு என்ன ஒழுங்கு விதி, கட்டடத்த எப்படிப் பாத்துக்கிறது, எந்த டீச்சர சிபாரிசு பண்றது எல்லாத்துலயும் இவங்க சொல்லு இருக்கு. பாடம் நடத்துறது, அன்னாட நிர்வாகம் மட்டும் பிரின்சிபால் பொறுப்பு.

இவ்வளவு குடுத்த சட்டம் இருக்கும்போது ஏன் 31 பேரு?

நான் பாத்தத சொல்றேன். எஸ்ஜிபில நான் உக்காந்த முதல் பட்ஜெட் மீட்டிங், ஒரு செவ்வாக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு. எங்க ஸ்கூல் பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல டர்பனுக்குத் தெக்க இருக்கிற உம்லாசி டவுன்ஷிப்ல இருந்து டாக்ஸில, அதாவது ஷேர் வேன்ல, வர்றவங்க. அம்மாமார் வீட்டு வேலை, அப்பாமார் செக்யூரிட்டி, இல்லன்னா ஜேக்கப்ஸ் பக்கம் ஃபேக்டரில ஷிஃப்ட். அஞ்சரைக்கு அவங்க இன்னும் டாக்ஸி ரேங்க்ல கியூல நிக்கிற நேரம். மீட்டிங் முடிஞ்சு ஏழரைக்கு வீட்டுக்குப் போக டாக்ஸியும் கிடைக்காது, கிடைச்சாலும் இறங்கி இருட்டுல நடக்கணும். அப்படியும் கொஞ்சம் பேரு வந்திருந்தாங்க. பொருளாளர் 40 நிமிஷம் இங்கிலீஷ்ல வேகமா கணக்கு வாசிச்சாரு, கையில ஒரு பேப்பர் கூட குடுக்கல. ஒரு அம்மா, வேலைக்குப் போட்ட யூனிஃபார்மோட வந்தவங்க, எழுந்திரிச்சு இசிசூலுல, அதாவது சூலு மொழியில, ஏதோ கேட்டாங்க. மேடையில இருந்து ஒருத்தர், "இங்கிலீஷ்ல கேளுங்க, டைம் இல்ல"ன்னாரு. அந்தம்மா ஒரு நிமிஷம் அப்படியே நின்னாங்க. அப்புறம் உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் அவங்கள எந்த மீட்டிங்லயும் நான் பாக்கல.

நானும் அந்த மேடையிலதான் இருந்தேன், வாயத் தொறக்கல. அது இன்னிக்கும் என்னை உறுத்துது.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் ஒண்ணு. நாம, தமிழ் பேசுறவங்க, இந்த நாட்டுல நம்ம மொழிக்கு மரியாதை வேணும்னு எத்தனை வருஷமா கேக்குறோம். அரசியலமைப்புச் சட்டத்துலயே ஆறாவது பிரிவுல தமிழோட பேர் இருக்கு, தமிழ், தெலுங்கு, இந்தி, உருது, குஜராத்தி எல்லாம் மதிக்கப்படணும்னு. அந்தப் பேரைக் காட்டி நாம பெருமைப்படாத மேடை இல்ல. ஸ்கூல் பாடத்துல தமிழ் இல்லாமப் போய், 2014-ல விருப்பப் பாடமா மறுபடி வந்தப்போ எங்க அத்தை கண்ணு கலங்கி அழுதாங்க. அப்படிப்பட்ட நாம, நம்ம குவாசுலு-நட்டால் மாகாணத்துல பெரும்பாலான ஜனங்க பேசுற மொழியில ஒரு தாயி கேள்வி கேட்டா டைம் இல்லங்கலாமா?

எங்க மாமனாருக்கு இப்ப 78 வயசு. அவரு சின்னப் பையனா இருந்தப்ப அவங்க கரும்புத் தோட்டத்துப் பக்கம் ஸ்கூல் கட்டுனத கதை கதையா சொல்லுவாரு. அந்தக் காலத்துல இந்தியப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேணும்னா ஜனங்களே காசு சேர்த்துக் கட்டணும், அவங்க பாதி போட்டா அரசாங்கம் மீதி போடும். அப்படி எழுந்த ஸ்கூலுங்கதான் இந்தக் கரை முழுக்க. 1929-ல திறந்த சாஸ்திரி காலேஜுக்கும் நம்ம ஜனங்கதான் கையில இருந்து பணம் போட்டாங்க. மாமா ஞாயித்துக்கிழமை மத்தியானம் மத்த பசங்களோட வரிசையா நின்னு செங்கல் கை மாத்தி விட்டாராம், அவங்க அம்மா கட்டட வேலை பாக்குறவங்களுக்கு பெரிய சட்டியில டால் சோறு ஆக்குவாங்களாம். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா அந்த ஸ்கூல் அவங்களுது. அவங்கள யாரும் மேடையில இருந்து உக்காருன்னு சொல்லல. இப்ப மாமாகிட்ட இந்த வாட்ஸ்அப் மெசேஜ வாசிச்சுக் காட்டினேன், "எங்கம்மா இன்னிக்கு இருந்திருந்தா அவளையும் அக்கறை இல்லாதவன்னுதான் சொல்லியிருப்பாங்க"ன்னாரு.

அக்கறை பத்தி இன்னொண்ணு சொல்லணும். 2022 ஏப்ரல் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது, எங்க மாகாணத்துல 400 பேருக்கு மேல செத்துப் போனாங்க, பிராஸ்பெக்டன்ல டொயோட்டா பிளாண்ட்டே முழுகிப் போச்சு. எங்க ஸ்கூல்ல கீழ்த்தளம் பூரா முழங்கால் அளவு சேறு. சர்குலர் அனுப்ப ஆபீஸ்ல கரண்ட்டும் இல்ல, நெட்டும் இல்ல. ஸ்கூல் வாட்ச்மேன் மட்டும் தெரிஞ்ச நம்பருக்கெல்லாம் போன் பண்ணியிருக்காரு. மறுநாள் காலையில மண்வெட்டி, வாளி, துடைப்பத்தோட வந்து நின்னாங்க பாருங்க ஜனங்க. உம்லாசில இருந்து நடந்தே வந்தவங்க இருந்தாங்க. அவங்க வீட்டுலயே தண்ணி புகுந்திருந்துச்சு. யாரெல்லாம் மீட்டிங்குக்கு வர்றதில்லன்னு நாங்க குறை சொல்லிட்டிருந்தோமோ அவங்கதான். வாட்ச்மேன் அவங்களோட மொழியில, வேலை இன்னதுன்னு சொல்லிக் கூப்பிட்டாரு, வந்தாங்க. நாங்க எங்களுக்குத் தோதான நேரத்துல, எங்களுக்குத் தோதான பாஷையில கூப்பிட்டோம், வரல.

அப்புறம் 2022 கடைசியில பழைய பிரின்சிபால் ரிட்டயர் ஆனாரு. புது பிரின்சிபால டிப்பார்ட்மெண்ட்தான் நியமிக்கும், ஆனா சிபாரிசு எஸ்ஜிபில இருந்து போகணும். இந்த இடத்துல நாட்டுல என்னென்ன நடந்திருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், 2016-ல பேராசிரியர் ஜான் வோல்மிங்க் கமிட்டி ரிப்போர்ட்ல டீச்சர் வேலையும் பிரின்சிபால் வேலையும் காசுக்கு விக்கிறாங்கன்னு எழுதியே வச்சாங்க. அதனால இன்டர்வியூ பண்ண வேண்டிய நாங்க அஞ்சு பேரும் அதுக்கு முன்னாடி யார் போனையும் எடுக்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். எங்க அஞ்சு பேர்ல ஒருத்தங்க ஒரு கோகோ. பேரனை வளக்குற பாட்டி. நிறைய பேருக்கு இது தெரியாது, பெத்தவங்கன்னா பெத்த அப்பா அம்மா மட்டும் இல்ல, பிள்ளையோட படிப்புப் பொறுப்ப ஏத்துக்கிட்டவங்களும் சட்டப்படி பேரண்ட்தான், அவங்க ஓட்டுப் போடலாம், தேர்தல்ல நிக்கலாம். நாங்க எல்லாரும் ரிசல்ட், ரிப்போர்ட், அனுபவம்னு கேட்டுட்டு இருந்தோம். கோகோ ஒரே ஒரு கேள்விதான் வந்தவங்க எல்லார்கிட்டயும் கேட்டாங்க: "பசியோட வர்ற பிள்ளை காலையில கிளாஸ்ல தூங்கிடுச்சுன்னா உங்களுக்கு யார் வந்து சொல்லுவா?" நாலு பேர்ல மூணு பேரு பாலிசி சொன்னாங்க. ஒரு மேடம் மட்டும், "யாரும் வந்து சொல்லத் தேவையில்லாத மாதிரி நான் கேட்லயே நிக்கணும் மா"ன்னாங்க. அவங்களத்தான் சிபாரிசு பண்ணோம்.

சொன்ன மாதிரியே நின்னாங்க. தினமும் காலையில ஏழே காலுக்கு கேட்ல, மழையா இருந்தா குடையோட, சவுபோனா, வணக்கம், குட் மார்னிங், எது யாருக்கோ அது. பிள்ளைய விட வர்ற பாட்டிமார் பேரெல்லாம் அவங்களுக்குத் தெரியும். பட்ஜெட் மீட்டிங்க சனிக்கிழமை காலைக்கு மாத்துனாங்க. 30 நாளைக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், 14 நாளைக்கு முன்னாடி பட்ஜெட்ட பெத்தவங்க வந்து பாக்குற மாதிரி ஸ்கூல்ல வைக்கணும்னு சட்டத்துல இருக்கு, அத அவங்க ஒரே பக்கத்துல பெரிய எழுத்துல இங்கிலீஷும் இசிசூலுவுமா கேட்லயே ஒட்டி வச்சாங்க. மீட்டிங்ல ஒரு டீச்சர் ஒவ்வொரு வரிக்கும் இசிசூலுல சொன்னாரு. ஹால்ல நாற்காலி பத்தாம கிளாஸ்ல இருந்து பெஞ்ச் தூக்கிட்டு வந்தோம்.

ஃபீஸ் விஷயமும் அப்பதான் வெளிய வந்துச்சு. வருஷ ஃபீஸ் குடும்பத்தோட வருஷ வருமானத்துல பத்து சதவீதம் ஆயிடுச்சுன்னா முழு விலக்கு உண்டு. எங்க ஃபீஸ் 6,000 ராண்ட். அப்போ மாசம் 5,000 ராண்ட் சம்பளத்துல தனியா பிள்ளை வளக்குற அம்மா ஒரு சென்ட் கட்டத் தேவையில்ல. பிள்ளைக்காக அரசாங்க உதவித்தொகை வாங்குறவங்களுக்கும் விலக்கு. ஃபீஸ் பாக்கின்னு ரிப்போர்ட் கார்ட புடிச்சு வைக்கவும் கூடாது. இதையெல்லாம் முன்னாடி யாரும் வாயத் தொறந்து சொல்லல, சொன்னா எல்லாரும் விண்ணப்பம் போட்டுருவாங்கன்னு பயம். அந்தப் பயத்த நான் சும்மா தள்ளி விடல, எங்களுது இலவச ஸ்கூல் இல்ல, அரசாங்கம் குடுக்குறது கம்மி, அதுவும் லேட்டா வருது, ஃபீஸ் பணத்துலதான் கூடுதலா ரெண்டு டீச்சருக்குச் சம்பளம், கரண்ட், வாட்ச்மேன் எல்லாம். ஆனா மேடம் கணக்க அப்படியே போட்டுக் காமிச்சாங்க, இவ்வளவு வருது, இவ்வளவு போகுது, முடியாதவங்க இந்த ஃபார்ம் எழுதுங்க, முடிஞ்சவங்க தள்ளிப் போடாம கட்டுங்க, இந்த ரெண்டு டீச்சர் போயிட்டா உங்க பிள்ளை கிளாஸ்ல இத்தனை பேரு உக்காருவாங்கன்னு. கட்டாம இருந்த எத்தனையோ பேரு, கார்ல வர்றவங்க, அந்த மாசம் வந்து கட்டுனாங்க. நானே ஆபீஸ்ல உக்காந்து ரசீது எழுதினேன்.

இப்ப அந்த மேடம் இல்ல. போன வருஷம் மாத்தலாகிப் போயிட்டாங்க. தற்காலிகமா ஒருத்தர் பொறுப்புல இருக்காரு, கெட்ட மனுஷர் இல்ல, ஆனா மீட்டிங் பழையபடி வாரநாள் அஞ்சரைக்கு வந்துருச்சு, இசிசூலு போயிருச்சு, கேட்ல ஒட்டுற பேப்பர் போயிருச்சு. அதுதான் அந்த 31 பேரு. அக்கறை ஒரே வருஷத்துல செத்துப் போகல.

எனக்கு இதுல கோவம் எஸ்ஜிபி மேலதான், நானும் இருந்த எஸ்ஜிபி மேல. ஒரு நல்ல பிரின்சிபால் செஞ்சதெல்லாம் அவங்க கூடவே பஸ் ஏறிப் போகுதுன்னா நாங்க மூணு வருஷமா என்ன பண்ணோம்? ஒவ்வொரு எஸ்ஜிபிக்கும் ஒரு சாசனம் இருக்கணும், டெர்முக்கு ஒரு தடவையாவது கூடணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெத்தவங்களையும் டீச்சரையும் கூப்பிட்டு உக்காரணும்னு அதுல இருக்கணும். அதுலயே சனிக்கிழமை மீட்டிங், இசிசூலு, கேட்ல பட்ஜெட்னு மூணு வரி சேர்த்திருந்தா யாரு பிரின்சிபாலா வந்தாலும் அது இருந்திருக்கும். எல்லாம் நல்லா போகுதேன்னு எழுதாம விட்டுட்டோம். பேலா சட்டம், அதாவது பள்ளிக் கல்விச் சட்டங்களைத் திருத்துன சட்டம், 2024-ல வந்து அட்மிஷன்லயும் மொழி விஷயத்துலயும் கடைசி வார்த்தை டிப்பார்ட்மெண்ட்டுக்குப் போனப்ப பெத்தவங்க உரிமை போச்சுன்னு நிறைய பேரு கொதிச்சாங்க, சரி, அது தனி விவாதம், ஆனா இருக்குற உரிமைய நாம எழுதி வைக்காம விட்டதுக்கு எந்த மந்திரியையும் குறை சொல்ல முடியாது.

அடுத்த எஸ்ஜிபி தேர்தல் 2027-ல வருது. அதுக்கு முன்னாடியே அந்த மூணு வரிய சாசனத்துல சேர்க்கச் சொல்லி ஒரு லெட்டர் எழுதியிருக்கேன், கையெழுத்து வாங்க சனிக்கிழமை காலையில கேட்ல நிக்கப் போறேன், பக்கத்துல இருக்கிறவங்க வந்தா நல்லாருக்கும். கோகோவோட ரெண்டாவது பேத்தி இப்ப ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்திருக்கா, அதனால கோகோ மறுபடியும் நிக்கலாம். போன்ல கேட்டேன், யோசிச்சுச் சொல்றேன்னாங்க. நாமினேஷன் ஃபார்ம் இசிசூலுல இருக்கான்னு நாளைக்கு ஆபீஸ்ல கேக்கணும், இல்லன்னா அத முதல்ல எழுத வைக்கணும்.