சர்வாதிகாரத் தலைமையைச் சில பண்பாடுகள் விரும்புகின்றனவா?

‘அதிகார ஏற்றத்தாழ்வு மிகுந்த சமூகங்களின் மக்கள் சர்வாதிகாரத் தலைவரையே நல்ல தலைவராகக் கருதுகிறார்கள், ஆய்வுகள் இதை நிரூபித்துவிட்டன’ என்று பரவிவரும் கூற்று தவறானது.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு டச்சு சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட் உருவாக்கிய ‘அதிகார இடைவெளி’ அளவீடு ஆகும். அதிகாரம் சமமின்றிப் பகிரப்பட்டிருப்பதை ஒரு சமூகம் எந்த அளவுக்கு ஏற்று எதிர்பார்க்கிறது என்பதையே அது குறிக்கிறது. கொடுங்கோன்மைமீதான விருப்பத்தை அது அளக்கவில்லை. மேலும், நாடுகளின் சராசரியைக் கொண்டு தனிமனிதரை மதிப்பிடக் கூடாது என்று ஹாஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார்.

நேரடியான மறுப்பு, மேலாண்மை அறிஞர் ராபர்ட் ஹவுஸால் தொடங்கப்பட்டு, 62 சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 17,000 இடைநிலை மேலாளர்களிடம் நடத்தப்பட்டு, 2004-இல் நூலாக வெளிவந்த, பண்பாடுகளுக்கேற்பத் தலைமைப் பண்புகளை ஒப்பிடும் ‘குளோப்’ (GLOBE) ஆய்வில் கிடைக்கிறது. நேர்மையும் நம்பகத்தன்மையும் எங்கும் விரும்பப்பட்டன. சர்வாதிகாரப் போக்கு எங்கும் வெறுக்கப்பட்டது. அதைவிட முக்கியமாக, 7 புள்ளி அளவுகோலில் நடைமுறையிலுள்ள அதிகார இடைவெளியின் சராசரி 5.17 ஆக இருக்க, இருக்க வேண்டும் என அந்த மேலாளர்கள் விரும்பிய அளவோ 2.75 மட்டுமே. சகித்துக்கொண்டு வாழ்வதை விருப்பம் என்று கூறுவது அம்மக்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

பண்பாட்டு வேறுபாடே இல்லை என்பது இதன் பொருளன்று. தலைவர் லட்சியவெறி கொண்டவராகவோ எச்சரிக்கை மிகுந்தவராகவோ தனித்து முடிவெடுப்பவராகவோ இருப்பது ஓரிடத்தில் சிறப்பாகவும் வேறோரிடத்தில் குறையாகவும் பார்க்கப்படுவதை அதே ஆய்வு பதிவுசெய்துள்ளது.